கிணற்றடியில் தண்ணீர் கேட்டவர்

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளம். 2022 செப்டம்பரில் அங்கே கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போன பட்டியல் சாதிப் பிள்ளைகளை, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார் கடைக்காரர். காணொளி பரவிய பிறகு கடைக்குச் சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பாய்ந்தது.

மிட்டாய்தானே என்று தள்ளிவிட முடியாது. யார் கையால் யார் வாங்கலாம், யாரோடு யார் உண்ணலாம் என்பதில்தான் சாதிக்கு உயிர் இருக்கிறது. இயேசு கைவைத்ததும் அங்கேதான். யூதர்கள் புழங்காத சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் அவரே தண்ணீர் கேட்கிறார்; நீர் என்னிடம் கேட்கலாமா என்று அவள்தான் திகைக்கிறாள். வரி வசூலிப்பவர்களோடு பந்தியில் அமர்ந்ததும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று.

இயேசுவைச் சமூகநீதிக் கண்ணோடு படிப்பது லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று முகம் சுளிப்பவர்கள் பாளையங்கோட்டையை மறந்துவிடுகிறார்கள். 1820இல் அங்கு வந்த மிஷனரி ரேனியஸ், தன் பயிற்சிப் பள்ளியில் எல்லாச் சாதி மாணவரும் சேர்ந்துண்ண வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். பிற்காலத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, அதாவது ‘பரட்டை’, நாட்டுப்புற மெட்டில் பாடல் கட்டினார். ஊரே ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்துண்பதில் திருவிருந்தின் பொருளைக் கண்டார்.

ஆனால் இந்தக் கண்ணாடியை முதலில் சபைதான் போட்டுப் பார்க்க வேண்டும். வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்தே தேவாலயம் கட்டினார்கள். 1910 வாக்கில் பாதிரியார் தடுப்பை அகற்றியதும் வேளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூரிலோ கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற வாதத்தை வைத்துத்தான் அரசும் கணக்குப் போடுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் வெளியேதான். சாதி இல்லை என்பது வேதாகமத்தின்படி சரி. வடக்கன்குளத்தின்படி?

ஞானஸ்நானம் எடுத்தவரின் சாதியை ஊரும் மறக்கவில்லை, பக்கத்து இருக்கைக்காரரும் மறக்கவில்லை. இதை ஒப்புக்கொண்டு தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியலில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதை வரவேற்ற ஆயர்கள் டெல்லியின் பதிலுக்குக் காத்திருக்கலாம், தவறில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடிக்க எந்த அரசாணையும் தேவையில்லை. அந்த நிலத்தின் பத்திரம் அவர்கள் பெட்டியில்தானே இருக்கிறது?