சேணம் ஏறினால் போதுமா?

சிறுமியர்க்கென எழுதப்பெறும் வரலாற்றுப் புதினங்களுள் குதிரையேறும் பெண்ணைப் பற்றியவை மேலைநாடுகளில் மிகப் பல. அவற்றுட் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. அடங்காக் குதிரை ஒன்று. அதனினும் அடங்காப் பெண் ஒருத்தி. 'பெண்பிள்ளைக்கு இஃது எதற்கு?' என்று தடுக்கும் தந்தை. முடிவில் கூந்தல் பறக்க அவள் வாகை சூடுகின்றாள். நூலை மூடும் சிறுமியும் மகிழ்கின்றாள். ஆனால், அப்பெண் பெற்றது உரிமையா, ஒருநாள் உலாவா என்னும் வினா அவள் நெஞ்சில் எழுவதேயில்லை.

குதிரையேறுதல் வேறு, உரிமை பெறுதல் வேறு. குதிரை பிறர் கொட்டிலில் நிற்குமளவும் அதன்மேல் அமர்வது இரவல் இன்பமே. இவ்வேறுபாட்டை மறையாது காட்டும் நூலே இளம்பெண்கள் கையில் தரத்தக்கது.

ஆங்கில எழுத்தாளர் கே. எம். பெய்தன் அம்மையார் 1967-இல் வெளியிட்ட 'பிளேம்பார்ட்சு' அத்தகையதொரு நூல். கதை 1908-இல் தொடங்குகின்றது. தாய்தந்தையற்ற பன்னிரண்டு அகவைக் கிறித்தினா, நரிவேட்டையே வாழ்வெனக் கொண்ட மாமன் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றாள். 21 அகவை நிரம்பியதும் பெருஞ்செல்வம் அவள் கைக்கு வரும். நொடித்துப்போன அம்மாளிகையின் கண் அச்செல்வத்தின்மேல். மூத்த மகனுக்கு அவளை மணமுடித்தால் எல்லாம் தம்மதாகும் என்பது கணக்கு. சொத்து வெளியே போகாதிருக்க உறவுக்குள் பெண்ணைக் கட்டிவைக்கும் அக்கணக்கு, தமிழ்ப் படிப்பாளிக்கு விளக்கவேண்டாத ஒன்று.

மணமான பெண் தன் உடைமையைத் தானே ஆள இங்கிலாந்துச் சட்டம் 1882-இலேயே இடந்தந்துவிட்டது. எனினும், கிறித்தினாவைக் கேளாமலே அவள் வாழ்வு முடிவு செய்யப்படுகின்றது. சட்டம் ஏட்டில் இருந்தது. வீட்டு வாயிற்படியைத் தாண்டவில்லை. இதனை ஆசிரியர் சொற்பொழிவாற்றிக் கூறவில்லை, கதையாற் காட்டுகின்றார்.

குதிரையின் இன்பத்தையும் அவர் குறைக்கவில்லை. வேலியைத் தாண்டும்போது கிறித்தினா அடையும் களிப்பு மெய்யானது. ஆனால், அக்களிப்பின் விலையையும் எழுதுகின்றார். காயமுற்ற பெட்டைக்குதிரை ஒன்றை வேட்டைநாய்களுக்கு இரையாக்க மாமன் முற்படுகையில், அதனைக் காப்பாற்றித் தருமாறு குதிரைப் பணியாளனான திக்கு என்பவனை அவள் வேண்டுகின்றாள். செய்தி வெளிப்பட்டதும் வேலை இழந்தவன் அவனே. உரிமையற்ற ஒருத்தி காட்டும் அருளுக்கு அவளினும் எளிய ஒருவன் விலை கொடுக்க நேர்ந்தது. பின்னர் வந்த பகுதியில், முதல் உலகப்போரிற் கணவனை இழந்த கிறித்தினா அதே மண்ணுக்குத் திரும்பி உழவை நடத்துகின்றாள். அப்போதுதான் குதிரையும் அவளது, நிலமும் அவளது.

ஈனிடு பேக்னோல்டு அம்மையாரின் 'நேசனல் வெல்வெட்டு' 1935-இல் வந்தது. எழுதிய நாளில் அது நிகழ்காலக் கதை. இன்று படிப்பார்க்கு வரலாறு. இறைச்சிக் கடைக்காரர் மகளான பதினான்கு அகவைச் சிறுமி, பரிசுச்சீட்டிற் கிடைத்த குதிரையுடன் ஆண்வேடம் பூண்டு, எயின்றிரீயில் நடைபெறும் பெரும்பந்தயத்தில் முதலாவதாக வருகின்றாள். ஆயினும், பரிசு அவளுக்கில்லை. கிறித்தினாவுக்குச் சட்டம் இருந்தது, வீடு இசையவில்லை. இச்சிறுமிக்குத் திறமை இருந்தது, விதி இசையவில்லை.

அவ்விதி மாறக் கதை போதவில்லை, சட்டம் வேண்டியிருந்தது. பால் வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1975-இல் வந்த பின்னரே, 1977-இல் சார்லட்டு புரூ என்னும் பெண் முதன்முதல் அப்பந்தயத்திற் களமிறங்கினார். 1982-இல் செரால்தின் இரீசு ஓட்டத்தை முடித்த முதற்பெண் ஆனார். 2021-இல் இரேச்சல் பிளாக்மோர் வென்றார். கதையில் ஒரு சிறுமி எட்டிய இடத்தை வாழ்வில் ஒரு பெண் எட்ட 86 ஆண்டுகள்!

'சிறுமியர்க்கு எழுச்சி ஊட்டினாற் போதாதா? தடைகளையும் தோல்விகளையும் ஏன் காட்டவேண்டும்?' என்பர் சிலர். 1913 சூன் 4-ஆம் நாள் எப்சம் பந்தயத் திடலில் வாக்குரிமைப் போராளி எமிலி தேவிசன் ஓடுகளத்துட் புகுந்தார். அரசரின் குதிரை மோதி வீழ்ந்தவர் நான்காம் நாள் உயிர்நீத்தார். 1918-இல் முப்பது அகவை கடந்த பெண்களுள் உடைமைத் தகுதி பெற்றார்க்கே வாக்குரிமை கிடைத்தது. ஆண்களுக்கு நிகராக 21 அகவையில் வாக்களிக்கும் உரிமை 1928-இல்தான் வந்தது. 1908-இல் வாழும் கதைப்பெண்ணுக்கு 1928-இன் உரிமையை எழுதுகோலால் வழங்கிவிடும் ஆசிரியர், அவ்விருபது ஆண்டுப் போராட்டத்தையும் அழித்துவிடுகின்றார். எளிதிற் கிடைத்ததென்று கற்ற பெண், அதனைப் பறிக்க வருங்கால் காக்கவும் அறியாள்.

எனவே, இத்தகைய நூலைப் பெண்மக்களுக்குத் தெரிந்தெடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. குதிரை யாருடையது? அவள் ஏறுதற்கு விலை கொடுத்தவர் யார்? இறங்கிய பின்னர் அவள் கையில் எஞ்சுவது யாது? விடையிறுக்கும் நூல் வரலாறு. விடையிறுக்காதது, வரலாற்று உடை உடுத்த வெறும் பொழுதுபோக்கு.