ஈரமும் எருவும்
திருநின்றவூரைத் தாண்டி திருவள்ளூர் போகிற வழியில், திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.கே.எம். ரகங்கள் பிறந்த இடம். இந்தப் பக்கத்தில் புழுதியில் நெல் விதைத்து, மழையில் முளைக்கவிட்டு, ஏரி நிரம்பிய பிறகு நீர் பாய்ச்சுவது பழைய வழக்கம். விளைச்சல் குறைந்தால் வானத்தை மட்டுமே குறை சொல்கிறோம். அது பாதி உண்மைதான். ஈரமில்லாவிட்டால் தழைச்சத்து வேருக்குப் போய்ச் சேராது; சத்தில்லாவிட்டால் பயிர் நிலத்தை மூடாது, பெய்த மழையும் வெயிலில் ஆவியாகிவிடும். ஆப்பிரிக்காவின் மாலியில் மேய்ச்சல் நிலங்களை ஆராய்ந்தவர்கள் 1982-இல் வெளியிட்ட நூலும் இதைத்தான் சொன்னது: அந்த வறண்ட பகுதியிலும் பல இடங்களில் புல்லின் வளர்ச்சியைத் தடுத்தது நீரைவிட மண்ணின் சத்துக் குறைவே. ஏரி வண்டலும் தொழுவுரமும் இரண்டையும் சேர்த்தே பிடித்து வைப்பவை. அந்த வண்டல் வயலுக்கு வராமல் மனைகளை மேடாக்கப் போனால் எனக்கு வயிறு எரிகிறது.