ஓர் இரவின் லாப நட்டம்

லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் போட்டியாக அன்றி, நினைத்தபோது அமர்ந்து நினைத்தபோது எழக்கூடிய ரொக்க ஆட்டமாக நடைபெறும் டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில், மணிக்கு ஏறத்தாழ 30 கைகளே ஆடப்படுவதால், பத்து மணி நேரம் அமர்ந்தவருக்கும் 300 கைகளே கிட்டுகின்றன. சராசரியாக 221 கைக்கு ஒருமுறை வரும் இரட்டை ஏஸ்கூட, முழுப் பணமும் மேசைக்கு வந்தபின், இரட்டை ராஜாவிடம் ஏறக்குறைய ஐந்துக்கு ஒருமுறை தோற்கும். எனவே ஓர் இரவின் லாப நட்டத்தைத் திறமையின் அளவுகோலாகக் கொள்வது பெரும் பிழை. அத்தோல்விக்குப் பின், விட்டதைப் பிடிக்கும் வெறியில், வழக்கமாகக் கவிழ்த்துவிடும் சீட்டுகளுக்கும் வில்லைகளை நடுவே தள்ளவைக்கும் மனநிலையே, அதாவது ஆட்டக்காரர்கள் 'டில்ட்' என்றழைக்கும் நிலைகுலைவே, சீட்டைவிடக் கொடிய எதிரி. அதை உணர்ந்ததும் எழுந்துவிடுபவரே தேர்ந்த ஆட்டக்காரர்.