ஐசிடி ஷாக் அடிக்குதா? அப்லேஷன் பற்றி அப்பவே கேளுங்க!

மாரடைப்பு சரியானாலும் இதயத் தசையில் தழும்பு தங்கிவிடும். சிலருக்கு அந்தத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிப்பதால், கீழறைகள் அதிவேகமாகத் துடிக்கும், உயிரே போகலாம். நெஞ்சில் பொருத்தும் ஐசிடி கருவி ஷாக் கொடுத்துக் காப்பாற்றும். ஆனா, மூலக் கோளாறு அப்படியேதான் இருக்கும்.

தொடை ரத்தக்குழாய் வழியாக கதீட்டரைச் செலுத்தி, கோளாறான இடத்தைச் சூடுவைத்துச் செயலிழக்கச் செய்வதே அப்லேஷன். பெரும்பாலும் மருந்து பலிக்காவிட்டால்தான் இதற்குப் போவாங்க.

2024-ல் வெளியான 'வேனிஷ்-2' ஆய்வில் இப்படிப்பட்ட 416 பேர் பங்கேற்றனர். மரணம், ஐசிடி ஷாக் உள்ளிட்ட பாதிப்புகளைச் சந்தித்தவர்கள் மருந்துக் குழுவில் 60.6%, முதலிலேயே அப்லேஷன் செய்த குழுவில் 50.7%. உயிரிழப்பை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. பக்கவாதம், ரத்தக்கசிவு ரிஸ்க்கும் உண்டு.

ஆனாலும், கடைசி வழின்னு தள்ளிப்போட வேண்டாம். முதல் ஷாக் வந்ததுமே, 'அப்லேஷன் எனக்குப் பொருந்துமா?'ன்னு டாக்டரிடம் கேட்டுடுங்க.