தொண்டை வலிக்கு மருந்துக் கடையா, டாக்டரா?

மழைக்காலம் பிறந்துவிட்டால் மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளில் வீட்டுக்கு ஒருவராவது தொண்டை வலி என்கிறார். வேலை முடிந்து ரயிலிறங்கி வருகிறவர் வழியில் உள்ள மருந்துக் கடையில் நின்று, "தொண்டை வலி, நாலு மாத்திரை கொடுங்க" என்று கேட்கிறார். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நான்கு ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கிறார். டாக்டர் சீட்டு கேட்பதில்லை. யாருக்கு மருந்து, எத்தனை வயது என்றும் கேட்பதில்லை. வாங்கியவர் இரண்டு நாள் விழுங்கிவிட்டு, மிச்சத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார். அடுத்த மாதம் பிள்ளைக்குத் தொண்டை வலித்தால் அந்த மிச்சம் வெளியே வருகிறது.

இந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டே ஆகவேண்டும். ஆன்டிபயாடிக் மருந்தே கூடாது என்பது நம் வாதமன்று. தேவையில்லாதபோது அள்ளி விழுங்குகிறோம். தேவையானபோது பாதியில் நிறுத்திவிடுகிறோம். இரண்டுமே கேடு.

இரண்டு வகைத் தொண்டை வலி

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸ் கிருமிகளால் வருபவை. மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், குரல் கம்மும். இதற்கு ஆன்டிபயாடிக் எள்ளளவும் உதவாது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்து, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சாப்பிட்டால் பொதுவாக ஒரு வாரத்தில் தானாகவே சரியாகும். வீணாக விழுங்கும் மருந்து வயிற்றைக் கெடுப்பதோடு, உடம்பில் உள்ள வேறு கிருமிகளுக்கு மருந்தைத் தாங்கும் பழக்கத்தையும் கற்றுக் கொடுக்கிறது. நாளை சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். பெனிசிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போகும் என்று எச்சரித்தார்.

மற்றொரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வருவது. தொண்டை வலி என்று வரும் பெரியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கும், குழந்தைகளில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்கும் இதுவே காரணம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளை இது அதிகம் பிடிக்கிறது. திடீரென்று காய்ச்சல், எச்சில் விழுங்கினாலே வலி, டான்சில்கள் சிவந்து வெள்ளை படர்தல், தாடைக்குக் கீழே நெறி கட்டுதல், இத்தனைக்கும் இருமலோ சளியோ இல்லாமை ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் இவற்றை மட்டும் வைத்து வீட்டில் முடிவு கட்ட முடியாது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வசதி உள்ள இடத்தில் பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

தொண்டை ஆறும், இதயம்?

இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலியும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தொண்டை ஆறிவிட்டது என்று நாம் மறந்துவிடுகிறோம். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் தற்காப்புச் சக்தி, சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தம் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்கத் தொடங்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி போய்விடும். இதய வால்வில் விழுந்த பழுது நிலைத்துவிடலாம். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று பல ஆண்டுகள் பெனிசிலின் ஊசி. சிலருக்கு வால்வு அறுவைச் சிகிச்சை. கூலி வேலை செய்கிற குடும்பம் இதை எப்படித் தாங்கும்?

இங்கிலாந்து போன்ற நாடுகளில் தொண்டை வலிக்குப் பலருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காமலே விடுகிறார்களே என்று படித்த நண்பர்கள் கேட்கலாம். அங்கே ருமாட்டிக் காய்ச்சல் அரிதாகிவிட்டது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் நம் குடியிருப்புகளில் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்ற ஓர் இரவு போதும். நம் நாட்டில் இந்த இதய நோய் இன்னும் ஒழியவில்லை. ஆகவே அவர்கள் அளவுகோல் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

பத்து நாள் என்றால் பத்து நாள்

ஓர் ஆறுதல் உண்டு. வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். ஆகவே இரவோடு இரவாக மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. மறுநாள் டாக்டரைப் பார்க்க நேரம் இருக்கிறது. ஆனால் மூச்சுத் திணறல், எச்சில்கூட விழுங்க முடியாமை, வாய் திறக்க இயலாமை இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பெனிசிலின், அமாக்சிசிலின் இரண்டும் பழைய மருந்துகள். பெனிசிலினை எதிர்த்து நிற்கும் சக்தியை இந்தக் கிருமி இன்றுவரை பெறவில்லை. மும்பை-புனே ரயில் பாதையில் உள்ள பிம்ப்ரியில், பெனிசிலினை நம் நாட்டிலேயே தயாரிக்க 1954-ல் அரசு ஒரு கம்பெனியையே தொடங்கியது. மருந்து அருமையானதுதான், ஆனால் வாய்வழியாகச் சாப்பிட்டால் பத்து நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். இரண்டாம் நாளே வலி குறையும். மூன்றாம் நாள் நிறுத்தத் தோன்றும். அது அரைக் கிணறு தாண்டிய கதை. பத்து நாள் தவறாமல் கொடுக்க முடியாது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரே பெனிசிலின் ஊசியில் முடிக்கவும் வழி உண்டு. முன்பு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

மருந்துக் கடைக்குப் போகிறவரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போகிறது, பீஸ் கொடுக்கவேண்டும், மராத்தியோ இந்தியோ தெரியாத தாய்க்கு நோயைச் சொல்லவே தெரிவதில்லை. ஆனால் மாநகராட்சி மருந்தகங்கள் இருக்கின்றன, சயானில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளருக்கு அந்த வசதியும் இருக்கிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் சங்கங்கள், மழைக்காலம் தொடங்கும்போது தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கலாம். மொழி தெரியாத தாய்மாருடன் மருந்தகத்துக்குப் போய்வரத் தொண்டர்களை அனுப்பலாம். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது சட்டப்படி குற்றம். அட்டையின் மேல் சிவப்புக் கோடு போட்டிருப்பதன் பொருள் அதுதான். அந்தக் கோட்டைக் கவனியுங்கள் என்று 2016-ல் மத்திய அரசே பிரசாரம் செய்தது. அதிகாரிகள் கடைகளைச் சோதிக்கவேண்டும். சீட்டில்லாமல் கேட்பதை நாமும் நிறுத்தவேண்டும்.

சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் மிச்ச மாத்திரையை இன்றே எடுத்துவிடுங்கள். பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மருந்து வேண்டாம் என்று அவர் சொன்னால், ஊசி போடவில்லையே என்று குறைப்படாமல் திரும்புங்கள். பத்து நாள் என்று சொன்னால் பத்தாவது நாளும் கொடுங்கள்.