ஊர்ப்பெயரில் மிஞ்சிய மரங்கள்

கிழக்கிலங்கையின் மருதமுனையில் பஸ் ஏறித் தெற்கே போகிறவர் ஒரு பழைய காட்டின் ஊடாகப் பயணம் செய்கிறார். சாய்ந்தமருது, காரைதீவு என்று நடத்துநர் கூவும்போது மருதும் காரையும் அழைக்கப்படுகின்றன. இறங்குபவர்கள் மட்டும் மனிதர்கள். மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளி. அக்கரைப்பற்றை அடைந்தால் ஆலையடிவேம்பும் பனங்காடும். பொத்துவிலையும் தாண்டினால், அலைச்சறுக்குக்காரர்கள் உலகெங்குமிருந்து தேடிவரும் அறுகங்குடா. காலடியில் மிதிபடும் அறுகம்புல்லுக்கு அத்தனை பெரிய புகழ். இந்தக் கரையில் முதன்முதல் குடில் போட்டவர்கள் தம் பெயரை நிலத்துக்கு இடவில்லை. தமக்கு முன்பே அங்கே வேர்விட்டு நின்றவற்றின் பெயரைத்தான் இட்டார்கள். நாம் வாரிசுரிமையாகப் பெற்ற முதல் சொத்து அந்தப் பெயர்கள்தாம்.

மருதமுனை என்ற சொல்லை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு. நம் பழந்தமிழர் வயலுக்கும் வயல்சார்ந்த நிலத்துக்கும் மருதம் என்று பெயரிட்டார்கள். கடற்கரையை நெய்தல் என்று தனியே பிரித்துவைத்தார்கள். கடலை நோக்கி நீளும் முனையில் மருதம் நின்றதாகச் சொல்லும் இவ்வூர்ப்பெயரிலோ இரு திணைகளும் ஒன்றாகிவிட்டன. கல்முனைக் கரையோரத்தின் வாழ்வும் அப்படித்தானே: கிழக்கே தோணியும் வலையும், மேற்கே சம்மாந்துறை வரை விரியும் நெல்வட்டை, இடையில் களப்பும் தோணா எனும் நீரோடையும். மருது ஈரத்தைத் தேடி நிற்கும் மரம். ஆற்றங்கரை மண்ணைத் தன் வேரால் இறுகப் பற்றிக்கொள்வது. சாய்ந்து நின்ற ஒரு மருதே ஓர் ஊருக்கு அடையாளமானது என்று முதியோர் சொல்லிவந்தார்கள். இன்று மருது எங்கே என்று கேட்டால் விரல் மேற்கே, தொலைவிலுள்ள ஆற்றோரங்களை நோக்கித்தான் நீள்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு அங்கும் பெருங்காடுகள் நெல்லாகவும் கரும்பாகவும் மாறின.

எது இந்த மண்ணுக்குரியது, எது வந்து சேர்ந்தது என்ற கேள்வி இக்கரையில் எளிதல்ல. போர்த்துக்கேயர் தம் ஆளுகைக்குட்பட்ட கரைகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, 1626இல் கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். ஏற்கெனவே இங்கிருந்தோருடன் அவர்களும் கலந்தார்கள். அதே போர்த்துக்கேயரின் கப்பல்கள்தாம் பிரேசிலின் மரமுந்திரிகையைக் கீழைக்கரைகளுக்குக் கொண்டுவந்தன. விரட்டியவன் கொண்டுவந்த மரமும் விரட்டப்பட்டவனின் குடும்பமும் ஒரே மணலில் வேரூன்றின. புன்னையின் காய் கடலில் மிதந்து கரை தேடும்; தேங்காயும் அப்படியே. வந்ததெல்லாம் நன்மையும் இல்லை. 1939இல் ஆய்வுக்கென இலங்கைக்கு வந்த சல்பீனியா என்னும் நீர்க்களை, இன்று தோணாக்களின் மூச்சை ஆற்றுவாழையோடு சேர்ந்து அடைக்கிறது. நம் மூத்தம்மாமார் பாய் இழைத்த பன் முளைக்கும் சதுப்புகளோ ஒவ்வொன்றாக மண்போட்டு நிரப்பப்பட்டு வளவுகளாகிவிட்டன.

கடலின் விளிம்பில் வேறொரு குடியிருப்பு இருந்தது. முன்வரிசையில் அடம்பன், கணுவுக்குக் கணு வேரிறக்கி மணலைத் தைத்துக்கொண்டே போகும் கொடி. அதனருகே இராவணன் மீசை, காய்ந்த முள்ளுருண்டைகளைக் காற்றில் உருட்டிவிடும் புல். சிங்களத்திலும் அது இராவணனின் தாடிதான். அவற்றுக்குப் பின்னே தாழை, அதற்கும் பின்னே புன்னையும் பூவரசும். யாரும் அளந்து ஒதுக்காத அந்தப் பச்சை விளிம்பின்மேல், இடமின்மையால் நாம் வீடுகளைக் கட்டினோம். குறை சொல்லவில்லை, கடலுக்கும் வட்டைக்கும் நடுவே ஒடுங்கிய ஊர்களில் பிள்ளைகளுக்கு வேறெங்கே வளவு கொடுப்பது? 1978 நவம்பரில் சூறாவளி தென்னைகளை முறித்துப்போட்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை, 10,000க்கும் மேல், இழந்தது அம்பாறை மாவட்டம். தாழை இருந்திருந்தால் அந்த அலை நின்றிருக்கும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். மையித்துகளைச் சுமந்த தோள்களுக்கு முன்னால் அப்படிப் பேசலாகாது. ஆனால் அதன்பின் அரசு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று கோடு கிழித்தபோது, அடம்பனும் தாழையும் ஒருகாலத்தில் கிழித்திருந்த கோடு என் நினைவுக்கு வந்தது.

பிறகு சவுக்கு நட்டார்கள். விரைந்து வளரும் அயல்மரம். காற்றுக்குத் தடுப்பு, கண்ணுக்கு ஆறுதல். அதன் ஊசிச்சருகு மெத்தையில் வேறெதுவும் எளிதில் முளைப்பதில்லை. இதே கரையின் ஒலுவிலில் துறைமுகம் எழுந்தபின் அதன் வடக்கே கரை அரிக்கப்பட, தென்னைகள் வேர் தெரியச் சாய்ந்து ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. பாறைகளைக் கொட்டினார்கள். சாய்ந்த மரமொன்றின் பெயரை ஊருக்கு இட்டவர்களின் பேரப்பிள்ளைகள், சாய்ந்துகொண்டிருக்கும் மரங்களின் அருகே நின்று கடலைப் பார்க்கிறார்கள். கற்களின் பின்புறம் காற்று கொண்டுவந்து சேர்க்கும் பிடிமணலில் அடம்பன் மறுபடி ஒரு கொடியை நீட்டுகிறது. அதன் ஊதாப்பூ சுபஹுக்குப் பின் விரிந்து, லுஹருக்குப் பிறகு வாடிவிடும். கொடி அடுத்த கணுவில் வேர்விட்டுக்கொண்டிருக்கும்.