வைத்தார்களா, விட்டார்களா?

உத்தனப்பள்ளி டீக்கடையில் ஒரு இளைஞர். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. முகம் தொங்கிப் போயிருந்தது.

"லே ஆஃப் பண்ணிட்டாங்க சார். அமெரிக்காவுல ஐ.டி. பசங்களைப் பண்ணாங்களே, அந்த மாதிரி. கல்யாணத்தை நிறுத்திடலாமானு அம்மா அழுவுது."

"நோட்டீஸ்ல என்ன காரணம் போட்டிருக்கு?"

"பார்ட்ஸ் வரலியாம். பதினஞ்சு நாள்னு இருக்கு."

அப்பாடா! இந்த 'லே ஆஃப்' இருக்கிறதே, சரியான பச்சோந்தி. சிகரெட்டைக் காட்டி டாக்டர் சொன்னால், 'அதை விடு'. நச்சரிக்கும் நண்பனிடம் சொன்னால், 'ஆளை விடுப்பா'. அமெரிக்க முதலாளி சொன்னால், பெரும்பாலும் சீட்டுக் கிழிந்தது!

நம் சட்டத்தில் அர்த்தமே வேறு. 1947 தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் சேர்த்தார்கள்: கரண்ட் இல்லை, கச்சாப்பொருள் இல்லை, மெஷின் ரிப்பேர், சரக்குத் தேக்கம் என்று தற்காலிகமாக வேலை தர முடியாத நிலைதான் லே ஆஃப். பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். 50 பேராவது உள்ள தொழிற்சாலையில் ஓராண்டு உழைத்தவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி உண்டு. பதிலி ஆட்களுக்குக் கிடையாது. 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இதே பாதிதான். ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினால் அதன் பெயர் ஆட்குறைப்பு.

"தம்பி, நிறுத்தி விடறது வேற, நிறுத்தி வைக்கிறது வேற. 'நிறுத்தி வெச்சிருக்காங்க'னு அம்மாகிட்டே சொல்லு."

"கல்யாணத்தையா சார்?"

"வேலையைப்பா!"

முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

"பாதிச் சம்பளத்துல முழுக் கல்யாணம் எப்படி சார் பண்றது?"

டீக்கு நானே காசு கொடுத்துவிட்டேன்.